மாதவிடாய்ச் சுழற்சியும் மனக்கண்ணில் தெரியும் படங்களும்

நீங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையை, ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல, கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பாருங்கள். பெயர்ப்பலகை என்ன நிறம்? வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுகள் தெரிகின்றனவா? கல்லாவில் இருப்பவரின் முகம்? சிலருக்கு நேரில் நிற்பதுபோலவே எல்லாம் தெரியும். சிலருக்கு மங்கலாக ஒரு வடிவம் மட்டும் வரும். இன்னும் சிலருக்குக் கடையைப் பற்றிய விவரமெல்லாம் நினைவில் இருக்கும், படம் மட்டும் வராது.

இப்படி எதிரே இல்லாத ஒன்றை மனதுக்குள் பார்ப்பதை மனக்காட்சி என்கிறோம். ஆளுக்கு ஆள் இது வேறுபடும் என்பது புதிய செய்தி இல்லை. 1880-இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், அன்று காலை உணவருந்திய மேசையை மனதில் கொண்டுவரச் சொல்லி, அதன் வெளிச்சம், தெளிவு, நிறம் எப்படித் தெரிகின்றன என்று பலரிடம் கேட்டுத் தொகுத்தார். படமே வராத நிலைக்கு 2015-இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஸீமனும் அவரது சகாக்களும் அஃபான்டேசியா என்று பெயர் வைத்தார்கள். எங்கே கோடு போட்டுப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து, நூற்றில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இதில் அடங்குவார்கள். அது நோய் அல்ல.

ஆளுக்கு ஆள் மாறுவது சரி. ஒரே பெண்ணுக்கு, மாதத்தின் ஒரு வாரத்துக்கும் இன்னொரு வாரத்துக்கும் இடையே மாறுமா? மாறக்கூடும் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது, ஆனால் அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் சொல்லப்படுவதற்கு முக்கியக் காரணம், இரண்டு தனித்தனித் திறன்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. முதலில் அதைப் பிரித்துவிடுவோம்.

பார்ப்பது ஒன்று, திருப்புவது ஒன்று

மனக்காட்சி என்று ஒரே பெயர் வைத்திருந்தாலும் உள்ளே குறைந்தது இரண்டு வேலைகள் நடக்கின்றன. அம்மாவின் பட்டுப்புடவையின் கரை எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவருவது ஒரு வேலை. இங்கே கேள்வி, படம் எவ்வளவு துலக்கமாக வருகிறது என்பது. பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய்த்தால் ஏறும் என்று யோசிப்பது இன்னொரு வேலை. இங்கே நிறமோ பளபளப்போ தேவையில்லை. வடிவத்தை மனதுக்குள் திருப்பிக் கவிழ்த்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

திருப்பும் திறனை அளக்க 1971-இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் ஒரு சோதனை செய்தார்கள். சிறு கனசதுரங்களை ஒட்டிச் செய்த இரண்டு உருவங்களின் படங்களை அருகருகே காட்டி, இரண்டும் ஒன்றா அல்லது ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமா என்று கேட்டார்கள். இரண்டுக்கும் இடையே கோணம் கூடக் கூட, பதில் சொல்ல ஆன நேரமும் அதே விகிதத்தில் கூடியது. கணக்கிட்டால் ஒரு நொடிக்குச் சுமார் 60 டிகிரி வேகத்தில் மனதுக்குள் உருவத்தைச் சுற்றுகிறார்கள். அஃபான்டேசியா உள்ளவர்கள் பலர் இந்தச் சோதனையைச் சரியாகவே செய்துவிடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். படம் தெரியாமலேயே திருப்ப முடிகிறது என்றால், இரண்டும் ஒரே திறனாக இருக்க முடியாது.

துலக்கத்தை அளக்க எளிய வழி, 1973-இல் டேவிட் மார்க்ஸ் உருவாக்கிய கேள்விப் பட்டியல். நெருங்கிய ஒருவர், உதிக்கும் சூரியன், அடிக்கடி போகும் கடை, மலையும் மரமும் ஏரியும் உள்ள நிலக்காட்சி என நான்கு காட்சிகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள், ஆக மொத்தம் 16. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் 16-க்கும் 80-க்கும் இடையே ஒரு எண் வரும். மார்க்ஸின் பழைய வடிவத்தில் 1 என்றால் மிகத் துலக்கம். பின்னால் வந்த வடிவங்களில் 5 என்றால் மிகத் துலக்கம். இணையத்தில் இரண்டும் உலவுகின்றன. இதைப் பார்க்காமல் போட்டால் முடிவு தலைகீழாகிவிடும்.

கேள்விப் பட்டியலில் ஒரு சிக்கல்: பதில் முழுக்க உங்கள் வாய்மொழி. உங்கள் 4-உம் இன்னொருவரின் 4-உம் ஒன்றுதானா என்று சரிபார்க்க வழியில்லை. ஆஸ்திரேலியாவில் ஜோயல் பியர்சனின் ஆய்வகம் இதற்கு ஒரு மாற்று வழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. சிவப்பு-பச்சைக் கண்ணாடி அணிந்தவரின் ஒரு கண்ணுக்குச் சிவப்புக் கோடுகளும் மறு கண்ணுக்கு வேறு திசையில் பச்சைக் கோடுகளும் ஒரே நேரத்தில் காட்டப்படும். மூளையால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாது. ஏதாவது ஒன்றுதான் மேலெழுந்து தெரியும். காட்டுவதற்கு முன் சில நொடிகள் சிவப்பை மட்டும் மனதில் கற்பனை செய்யச் சொல்வார்கள். கற்பனை வலுவாக இருந்தால், அடுத்து நிஜமாகக் காட்டும்போது சிவப்பே அதிகம் மேலெழும். மனதில் படமே வராதவருக்கு, நினைக்கச் சொன்ன நிறமும் மேலெழும் நிறமும் பாதிக்குப் பாதிதான் பொருந்தும். அந்தப் பாதிக்கு மேலே எவ்வளவு போகிறது என்பதே மனக்காட்சியின் வலுவுக்கு அளவு. படம் தெளிவாக இருந்தது என்று ஒருவர் மிகைப்படுத்திச் சொன்னாலும் இந்த எண் அதற்கேற்ப ஏறாது. சில முறை இரண்டு கோடுகளையும் கலந்த போலிப் படத்தைக் காட்டி, பதில் ஒருபக்கமாகச் சாய்கிறதா என்றும் சோதிப்பார்கள்.

28 நாள் என்பது எல்லோருக்கும் பொருந்தாது

ஹார்மோன் பக்கத்துக்கு வருவோம். ரத்தப்போக்கு தொடங்கும் நாள்தான் சுழற்சியின் 1-ஆம் நாள். அன்றிலிருந்து கருமுட்டை வெளிவரும் வரை ஃபாலிக்குலர் கட்டம், அதற்குப் பிறகு அடுத்த மாதவிடாய் வரை லூட்டியல் கட்டம். இங்கே முன்பாதி, பின்பாதி என்றே சொல்வோம்.

மாதவிடாயின் முதல் நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் அடிமட்டத்தில் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் வகையில் முக்கியமான எஸ்ட்ரடையால் அப்போது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பெரும்பாலும் 50 பிகோகிராமுக்குள் அடங்கும். பிறகு மெல்ல ஏறி, முட்டை வெளிவருவதற்குச் சற்று முன் 200 முதல் 400 பிகோகிராம் வரை போய், சட்டென்று இறங்கி, பின்பாதியின் நடுவில் மறுபடி ஒருமுறை ஏறும். புரோஜெஸ்டிரோன் முன்பாதி முழுக்க 1 நானோகிராமுக்குக் கீழேதான் கிடக்கும். முட்டை வெளிவந்த இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் அதைச் சுரக்கத் தொடங்கிய பிறகுதான் ஏறும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பலருக்கு 5 முதல் 20 நானோகிராம் வரை வரும். 3-ஐத் தாண்டினால் அந்த மாதம் முட்டை வெளிவந்தது என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கரு தங்காவிட்டால் இரண்டு ஹார்மோன்களும் சரிந்து மறுபடி ரத்தப்போக்கு தொடங்கும்.

பள்ளிப் பாடத்தில் 14-ஆம் நாள் முட்டை வெளிவரும் என்று படித்திருப்போம். 2019-இல் வெளியான ஓர் ஆய்வு, கைபேசிச் செயலி ஒன்றில் பதிவான 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை எடுத்துப் பார்த்தது. சராசரி நீளம் 29.3 நாள். முன்பாதி சராசரியாக 16.9 நாள், பின்பாதி 12.4 நாள். துல்லியமாக 28 நாளில் முடிந்தவை நூற்றுக்கு 13 மட்டுமே. முன்பாதிதான் அதிகம் நீண்டு சுருங்குகிறது, பின்பாதி ஓரளவு நிலையானது. அதனால் காலண்டரில் 21-ஆம் நாள் என்று பார்த்து ‘இப்போது புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும்’ என்று முடிவுகட்டினால், 35 நாள் சுழற்சி உள்ள ஒருவர் அன்றுதான் முட்டை வெளிவரும் கட்டத்திலேயே இருப்பார். பழைய ஆய்வுகள் பலவும் ஹார்மோனை அளக்காமல் நாளை மட்டும் எண்ணி இந்தத் தவற்றைச் செய்தவைதான்.

ஆய்வுகள் காட்டுவது

துலக்கத்தைப் பொறுத்தவரை மையமான ஆய்வு 2015-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பியர்சனும் சகாக்களும் மேலே சொன்ன இரு வண்ணக் கோடுகளின் முறையையே பயன்படுத்தினார்கள். பின்பாதியின் நடுவில் இருந்த பெண்களுக்கு, அதாவது புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும் கட்டத்தில், மனக்காட்சி அதிக வலுவாக இருந்தது. முன்பாதியின் இறுதியில் இருந்த பெண்களையும் ஆண்களையும் விட அதிகம். வெறும் வாய்மொழி மதிப்பெண்ணோடு நிற்காமல் ஏமாற்றக் கடினமான அளவீட்டிலும் வேறுபாடு தெரிந்ததால் இந்த முடிவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் இது குழுவுக்குக் குழு ஒப்பிட்ட ஆய்வு. பிறவியிலேயே துலக்கமாகப் பார்ப்பவர்கள் ஒரு குழுவில் நாலைந்து பேர் கூடுதலாக வந்துவிட்டாலே கணக்கு சாயும். ஒரே பெண்ணைப் பல மாதம் பின்தொடரும் ஆய்வுகளே இங்கே அதிகம் தேவை.

திருப்பும் திறனில் கதை வேறு திசையில் தொடங்கியது. 2000-இல் ஜெர்மனியின் மார்க்குஸ் ஹவுஸ்மனும் சகாக்களும் 8 பெண்களை ஆறு வாரம் தொடர்ந்து சோதித்தார்கள். உருவங்களைத் திருப்பும் சோதனையில் மாதவிடாய் நாட்களில் மதிப்பெண் கூடியது, பின்பாதியின் நடுவில் குறைந்தது. எஸ்ட்ரடையால் ஏறும்போது மதிப்பெண் இறங்கியது, பெண்களுக்கும் சிறிதளவு சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது உயர்ந்தது. இதைத் துலக்க ஆய்வோடு சேர்த்துப் பார்த்தால், படம் துலக்கமாக வரும் அதே வாரத்தில் படத்தைத் திருப்புவது சற்றுக் கடினமாகலாம் என்று தோன்றும். ‘பீரியட்ஸ் சமயத்தில் கற்பனைத் திறன் கூடுமா, குறையுமா’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் ஏன் பொருந்தாது என்பது இங்கே விளங்கும்.

ஆனால் அந்த முடிவை அப்படியே தூக்கிப் பிடிக்கவும் முடியாது. 8 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் சில அதையே கண்டன, பல காணவில்லை. 2025-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளை, ஏறக்குறைய 4,000 பெண்களின் தரவை ஒன்றுசேர்த்து அலசியது. கவனம், நினைவாற்றல், இடம் சார்ந்த திறன், மொழித்திறன் என எதிலும் சுழற்சியோடு சேர்ந்து ஏறி இறங்கும் உறுதியான மாற்றம் கிடைக்கவில்லை. அந்தத் தொகுப்பு எடுத்துக்கொண்டது வேலையைச் செய்துமுடிக்கும் திறனை. உள்ளே படம் எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்ற அனுபவம் வேறு கேள்வி, அது இன்னும் திறந்தே இருக்கிறது. ஆனால் மாதவிடாயைக் காரணம் காட்டி ஒரு பெண்ணிடம் வரைபடம் படிக்கும் வேலையையோ, வண்டி ஓட்டும் பொறுப்பையோ, தேர்வையோ தள்ளிப்போடச் சொல்பவருக்கு அறிவியலில் எந்தப் பிடிமானமும் கிடையாது. இதைத் தயங்காமல் சொல்லலாம்.

மூளைக்குள் என்ன நடக்கலாம்

ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் கொழுப்பில் கரையும் பொருட்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பை எளிதாகக் கடந்துவிடும். புரோஜெஸ்டிரோன் உடைந்து அலோபிரெக்னனோலோன் என்ற பொருளாக மாறுகிறது. நரம்புச் செல்களின் கிளர்ச்சியை அடக்கும் முக்கியமான மூளை வேதிப்பொருள் காபா. அதை வாங்கிக்கொள்ளும் இடங்களான ஏற்பிகளில் அது போய் ஒட்டி, காபாவின் வேலையைக் கூட்டுகிறது. பதற்றத்துக்குத் தரும் டயசிபாம் போன்ற மாத்திரைகள் வேலை செய்வதும் இதே ஏற்பிகளில்தான். 1999-இல் தலைக்கு வெளியே காந்தத் துடிப்பு கொடுத்துச் செய்த ஆய்வில், உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப்பகுதியில் அடக்கம் முன்பாதியைவிடப் பின்பாதியில் கூடுதலாக இருந்தது.

அடக்கம் கூடினால் படம் மங்கத்தானே வேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறாக இருக்கலாம். 2020-இல் ரெபெக்கா கியோ, பியர்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, கண்ணிலிருந்து வரும் செய்தியைக் கையாளும் மூளைப்பகுதியான பார்வைப் புறணி இயல்பாக அமைதியாக உள்ளவர்களுக்கே மனக்காட்சி வலுவாக இருந்தது. எளிதில் கிளர்ந்துவிடும் பார்வைப் புறணி உள்ளவர்களுக்குப் படம் பலவீனமாக இருந்தது. சந்தைக்கடை இரைச்சலில் மெல்லிய குரல் காதில் விழாது, இரைச்சல் ஓய்ந்தால் அதே குரல் தெளிவாகக் கேட்கும் அல்லவா, அந்த மாதிரி. கண்ணிலிருந்து செய்தி வராத நேரத்தில் மூளையின் முன்பகுதி அனுப்பும் மெல்லிய செய்தியைக் கொண்டுதான் பார்வைப் புறணி மனக்காட்சியை எழுப்புகிறது. பின்னணிச் சலனம் குறைந்தால் அது துலங்கி வரும். பின்பாதியில் அலோபிரெக்னனோலோன் அந்தச் சலனத்தைக் குறைக்கிறது என்று எடுத்துக்கொண்டால், 2015-இல் கண்ட முடிவுக்குப் பொருத்தமான விளக்கம் கிடைக்கிறது.

பொருத்தமான விளக்கம் என்பதற்காக அது நிரூபணம் ஆகிவிடாது. இதற்கு இடறலான ஒரு தரவும் உண்டு. 2002-இல் பார்வைப் புறணி இருக்கும் பின்தலைப் பகுதியில் காபாவின் அளவை ஸ்கேன் மூலம் நேரடியாக அளந்தார்கள். பிரச்சினை ஏதும் இல்லாத பெண்களுக்கு முன்பாதியிலிருந்து பின்பாதிக்குப் போகும்போது காபா குறைந்தது. மாதவிடாய்க்கு முன் கடும் மனச்சோர்வு வரும் பெண்களுக்கு அது கூடியது. காபா எவ்வளவு இருக்கிறது என்பதும், இருக்கும் காபா எவ்வளவு வீரியமாக வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு. அலோபிரெக்னனோலோன் மாற்றுவது இரண்டாவதை. ஆகவே இரண்டு முடிவுகளும் ஒன்றை ஒன்று அடியோடு மறுக்கவில்லை. ஆனால் ‘புரோஜெஸ்டிரோன் ஏறினால் மூளை அமைதியாகும், படம் துலங்கும்’ என்ற நேர்க்கோட்டுக் கதை அவ்வளவு எளிதாக முடிந்துவிடாது என்பதை இந்தத் தரவு காட்டுகிறது.

வேண்டாத படங்கள்

துலக்கமான மனக்காட்சி எப்போதும் இன்பமானதாக இருக்காது. விபத்தையோ வன்முறையையோ அனுபவித்தவருக்கு அந்தக் காட்சி கூப்பிடாமலே வந்து நிற்கும். 2011-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், மனதைப் பாதிக்கும் படங்களைப் பார்த்த பெண்களில் பின்பாதியில் இருந்தவர்களுக்கு அவை பிறகு தாமாகவே அதிகம் நினைவுக்கு வந்தன. 2013-இல் லண்டனில் நடந்த இன்னொரு ஆய்வு, இந்தப் பாதிப்பு முட்டை வெளிவந்த உடனே வரும் சில நாட்களில் குவிவதாகக் கண்டது. படத்தின் துலக்கம் கூடுவதும், உணர்ச்சி நினைவுகள் ஆழமாகப் பதிவதும் இதில் கலந்திருக்கலாம்.

நடைமுறையில் இதன் பயன் பெரிது. கொடிய நினைவுகள் மாதத்தின் சில நாட்களில் மட்டும் அலையாக வருகின்றன என்றால் அந்தத் தேதிகளைக் குறித்து மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ காட்டுங்கள். சிகிச்சை பலனளிக்கவில்லை என்று தோன்றும் வாரம் உண்மையில் சுழற்சியின் கடினமான வாரமாக இருக்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் தாங்கமுடியாத மனச்சோர்வோ, எரிச்சலோ, பதற்றமோ வந்து, ரத்தப்போக்கு தொடங்கிய சில நாட்களில் விலகிவிடுகிறது என்றால் அதற்குத் தனியான நோயறிதலும் மருந்தும் உண்டு. அதை உறுதிசெய்யக் குறைந்தது இரண்டு சுழற்சிகளுக்கு நாள்தோறும் எழுதிய குறிப்பு வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் குறிப்பு எழுதி முடியும் வரை காத்திருக்கக் கூடாது. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926 என்ற மனநல உதவி எண்ணை அன்றே அழையுங்கள்.

உங்களிடமே சோதித்துப் பார்க்க

வேண்டியவை ஒரு நோட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் சோதனைப் பட்டைகள், முடிந்தால் இரண்டு தசம இலக்கம் காட்டும் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். பட்டை சிறுநீரில் எல்.எச். என்ற ஹார்மோன் திடீரென்று ஏறுவதைக் காட்டும். எப்போது தொடங்குவது? உங்கள் வழக்கமான சுழற்சி நீளத்திலிருந்து 17-ஐக் கழியுங்கள். 28 நாள் என்றால் 11-ஆம் நாள், 33 நாள் என்றால் 16-ஆம் நாள். நீளம் மாறிக்கொண்டே இருந்தால் சமீப மாதங்களில் மிகக் குட்டையாக வந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்து, கோடு மங்கலாக வந்து ஏமாற்றும். சோதனைக் கோடு ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அழுத்தமாகவோ வரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும்.

தெர்மாமீட்டர் இருந்தால் காலையில் படுக்கையை விட்டு எழும் முன்பே பார்த்து எழுதுங்கள். முட்டை வெளிவந்த பிறகு உடல் வெப்பம் சுமார் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் சொன்னால் ஏறக்குறைய 0.4 முதல் 0.9 டிகிரி வரை ஏறி, அடுத்த மாதவிடாய் வரை அங்கேயே நிற்கும். எல்.எச். கோடு முட்டை வரப்போகிறது என்று மட்டும்தான் சொல்லும். வெப்பம் ஏறி நின்றால்தான் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

துலக்கத்தைக் குறிக்க ஒவ்வொரு நாளும் இரவு ஒரே நேரத்தில் ஐந்து நிமிடம் போதும். நான்கு காட்சிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள்: ஒரு முகம், ஒரு கடை அல்லது தெரு, ஒரு வானக் காட்சி, கையில் பிடிக்கும் ஒரு பொருள். ஒவ்வொன்றையும் பத்து நொடி மனதில் பிடித்துவைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள், 5-ஐ மிகத் துலக்கம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் அதே விவரத்தைப் பார்க்கக் கூடாது. இன்று முகத்தின் கண் என்றால் நாளை அவர் நடக்கும் விதம். ஒரே விவரத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தால் அது ஒத்திகை ஆகி, ஹார்மோனுக்குத் தொடர்பில்லாமலே மதிப்பெண் ஏறும். மதிப்பெண்ணை எழுதும் பக்கத்தில் சுழற்சி நாளை எழுதாதீர்கள். ரத்தப்போக்கு, பட்டை, வெப்பம் ஆகியவற்றுக்குத் தனிப் பக்கம் இருக்கட்டும். இன்று எத்தனையாவது நாள் என்று பார்த்துக்கொண்டே மதிப்பெண் போட்டால், நீங்கள் எதிர்பார்ப்பதுதான் எண்ணாக வரும். மனநிலையைப் பற்றி நினைவிலிருந்து சொல்லச் சொன்னால் மாதவிடாய்க்கு முன் மோசம் என்று சொன்ன பெண்களின் அன்றாடக் குறிப்பில் அந்தச் சரிவு தென்படவில்லை என்பதை 1988-இலேயே கனடாவில் ஓர் ஆய்வு காட்டிவிட்டது. நம்பிக்கை அவ்வளவு வலுவாக நினைவைத் திருத்தும்.

மதிப்பெண்ணுக்கு அருகில் முந்தைய இரவு தூங்கிய மணி நேரம், வலி இருந்தால் 10-க்கு எத்தனை, சாப்பிட்ட மாத்திரை இவற்றை எழுதுங்கள். அடிவயிற்று வலியோடு இரண்டு மணிக்கு விழித்துக் கிடந்தவருக்கு மறுநாள் எந்தப் படமும் தெளிவாக வராது. அதை ஈஸ்ட்ரோஜன் மேல் போடக் கூடாது. முதல் ஒரு வாரத்துக் குறிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பழகும் காலம். திருப்பும் திறனையும் பார்க்க நினைத்தால் இணையத்தில் உள்ள உருவச் சோதனைகளைப் பயன்படுத்தலாம். ஆனால் பழகப் பழக அதில் மதிப்பெண் வேகமாக ஏறும், அதனால் வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். முதல் சுழற்சியை மாதவிடாயில் தொடங்கிச் செய்தால் அடுத்ததைப் பின்பாதியில் தொடங்குங்கள். எப்போதும் மாதவிடாயிலேயே தொடங்கினால் பழக்கத்தால் வந்த ஏற்றம் பின்பாதியின் சாதனைபோலத் தெரியும்.

இரண்டு சுழற்சிகளாவது முடிந்த பிறகே இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் பாருங்கள், மூன்று இருந்தால் இன்னும் நல்லது. மாதவிடாயின் 2 முதல் 4-ஆம் நாள் வரை, எல்.எச். கோடு வந்த நாளும் அதற்கு முந்தைய இரண்டு நாளும், கோடு வந்ததிலிருந்து 6 முதல் 8-ஆம் நாள் வரை என மூன்று துண்டுகளுக்கும் சராசரி போடுங்கள். முதல் சுழற்சியில் மாதவிடாய் நாட்களின் சராசரி 3.1, இரண்டாவதில் 3.6 என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டத்துக்குள்ளேயே 0.5 ஆட்டம் இருக்கிறது. பின்பாதிக்கும் மாதவிடாய்க்கும் இடையே வந்த வேறுபாடு 0.4 மட்டும் என்றால் அதில் படிக்க எதுவும் இல்லை. எல்லாச் சுழற்சியிலும் ஒரே திசையில், அந்த ஆட்டத்தைவிடத் தெளிவாகப் பெரிதாக வந்தால் மட்டும் பொருட்படுத்துங்கள். பலருக்கு எந்த வேறுபாடும் வராது. அதுவும் முறையான முடிவுதான்.

சிலருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவருக்கு முட்டை வெளிவருவது தடுக்கப்படுகிறது. மாத்திரை இடைவெளியில் வரும் ரத்தப்போக்கு, மருந்து நின்றதால் வருவது, அதற்குப் பின்னால் இயற்கையான ஹார்மோன் ஏற்ற இறக்கம் கிடையாது. காப்பர்-டி போட்டவர்களுக்குச் சுழற்சி மாறாது, தாராளமாகச் செய்யலாம். ஹார்மோன் உள்ள கருப்பைச் சாதனம் வைத்தவர்களில் பலருக்கு முட்டை வெளிவந்துகொண்டே இருக்கும், ரத்தப்போக்கு மட்டும் குறையும் அல்லது நின்றுபோகும். அவர்கள் நாளை எண்ண முடியாது, பட்டையும் வெப்பமும்தான் துணை. பிசிஓஎஸ் எனப்படும், ஹார்மோன் சீர்கேட்டால் முட்டை ஒழுங்காக வெளிவராத நிலை உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே உயர்ந்து இருக்கக்கூடும் என்பதால் பட்டையில் பொய்யான அழுத்தக் கோடு அடிக்கடி வரும். வெப்பம் ஏறி நின்றதா என்பதையே அவர்கள் நம்ப வேண்டும். அதுவும் தெளியாவிட்டால் அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் ஏழு நாள் முன் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் பார்த்தால் தெரிந்துவிடும். பாலூட்டும் மாதங்களிலும், மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளிலும் ஒரு சுழற்சி அடுத்ததைப்போல இருக்காது. அப்போது கட்டம் பிரித்து ஒப்பிடாமல், தூக்கத்தையும் துலக்கத்தையும் மட்டும் எழுதிவருவது போதும்.